க்யூஜிஐஎஸ் ப்ளகின்: கன்சோலில் ஓடும் ஏரி நீர்ப்பரப்பு ஸ்கிரிப்டை மற்றவர்களும் பயன்படுத்தும்படி மாற்றுவது எப்படி?

கண்மாய்க்கரை கேட்டது:

வணக்கம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து ஏரி, கண்மாய்களின் நீர்ப்பரப்பைக் கணக்கிடும் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று கையில் இருக்கிறது, சுமார் 350 வரி. பச்சைப் பட்டை (பி3), அண்மை அகச்சிவப்புப் பட்டை (பி8) இரண்டையும் எடுத்து என்டிடபிள்யூஐ (தண்ணீரைக் காட்டும் குறியீட்டெண்; இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தது) போடுகிறது; ஓட்ஸு முறையில் (படத்தின் மதிப்புகளைத் தானாகவே இரண்டாகப் பிரிக்கும் முறை) தண்ணீரையும் நிலத்தையும் பிரிக்கும் வெட்டுமதிப்பு கண்டுபிடிக்கிறது; ஏரி எல்லைப் பாலிகன் ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை ஹெக்டேர் தண்ணீர் என்று அட்டவணை தருகிறது. க்யூஜிஐஎஸ் (வரைபட மென்பொருள்) 3.34-இன் பைத்தான் கன்சோலில் ஒட்டினால் ஓடுகிறது. ஆய்வகத்தில் நிரல் எழுதத் தெரியாத ஐந்தாறு பேருக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்பதால் க்யூஜிஐஎஸ்ஸுக்குள் சேரும் துணைநிரலாக, அதாவது ப்ளகினாக்கப் பார்க்கிறேன். சந்தேகங்கள்:

1. டூல்பாரில் ஐகான் வைத்து, சொந்தமாக டயலாக் வரைவதா, க்யூஜிஐஎஸ்ஸின் கருவிப் பட்டியலான ப்ராசஸிங் டூல்பாக்ஸில் சேர்ப்பதா?
2. முழு டைலுக்கு (படம் வரும் சதுரத் துண்டு) ஓட்டினால் நாலைந்து நிமிடம் ஜன்னல் உறைந்து நிற்கிறது. நினைவகமும் 4 ஜிபிக்கு மேல் போகிறது.
3. ஓட்ஸுவுக்காக சைகிட்-இமேஜ் நூலகத்தைப் பயன்படுத்தியிருக்கிறேன். மற்றவர்களின் விண்டோஸ் கணினியில் அந்த மாட்யூலே இல்லை என்று பிழை வருகிறது.
4. வெளியீட்டு ஷேப்ஃபைலில் (வரைபடத் தரவுக் கோப்பு) 'நீர்ப்பரப்பு', 'நீர்மட்டம்' என்று தமிழில் பத்திப் பெயர் வைத்தால் வெட்டுப்படுகிறது.
5. க்யூஜிஐஎஸ் 4-க்காக மறுபடி எழுத வேண்டியிருக்குமா?

---

வரைபடத்தச்சன்:

முதல் கேள்விக்கு யோசிக்கவே வேண்டாம், ப்ராசஸிங்தான். இரண்டு ராஸ்டரும் (பிக்சல் படம்) ஒரு வெக்டரும் (பாலிகன் லேயர்) உள்ளே போய், ஓர் அட்டவணை வெளியே வருகிற வேலை இது. டயலாக் வரைந்தால் லேயர் தேர்வுப் பெட்டி, கோப்புப் பெட்டி, முன்னேற்றப் பட்டை, ரத்துப் பொத்தான் எல்லாவற்றையும் நீங்களே எழுதி நீங்களே கட்டி மேய்க்க வேண்டும். ப்ராசஸிங் அல்காரிதமாக எழுதினால் அத்தனையும் சும்மா கிடைக்கும். 40 தேதிகளை வரிசையாக ஓட்ட பேட்ச் வசதி, மாடல் டிசைனரில் கோக்கும் வசதி, என்ன அளவுரு கொடுத்து எப்போது ஓட்டினோம் என்ற ஹிஸ்டரி ஆகியவை கூடுதல் லாபம். ஆய்வுக்கட்டுரைக்கு அந்த ஹிஸ்டரி ஒன்றே போதும் இந்த வழிக்குப் போக.

ப்ளகினைத் தொடும் முன் ஸ்கிரிப்டை இரண்டாகப் பிளந்துவிடுங்கள். கணக்குப் பகுதி தனிக் கோப்பு. அதில் க்யூஜிஐஎஸ் சம்பந்தப்பட்ட இம்போர்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது. நம்பை (பைத்தானின் எண்-வரிசை நூலகம்) வரிசை உள்ளே, நம்பை வரிசை வெளியே, அவ்வளவுதான். அப்படி இருந்தால் க்யூஜிஐஎஸ்ஸைத் திறக்காமலே பைடெஸ்ட் கருவியில் சோதிக்கலாம்.

ஃபோல்டர் அமைப்பு இப்படி. செட்டிங்ஸ் மெனுவில் யூசர் ப்ரொஃபைல்ஸ், அதில் 'ஓபன் ஆக்டிவ் ப்ரொஃபைல் ஃபோல்டர்'. திறக்கும் இடத்தில் பைத்தான், அதற்குள் ப்ளகின்ஸ். அங்கே உங்கள் ப்ளகினுக்கு ஒரு ஃபோல்டர் போடுங்கள். பெயர் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு மட்டும்; எண்ணில் தொடங்கக் கூடாது. உள்ளே:

– இனிட் கோப்பு. 'கிளாஸ்ஃபேக்டரி' என்ற ஒரே ஃபங்ஷன், ஐஃபேஸை (க்யூஜிஐஎஸ் ஜன்னலைத் தொட உதவும் பொருள்) வாங்கி உங்கள் முதன்மை கிளாஸைத் திருப்பித் தரும். நடுவில் வரும் எஃப் பெரிய எழுத்து. சிறிய எழுத்தில் எழுதினால் ப்ளகின் ஏறாது. முதன்மை கிளாஸை இம்போர்ட் செய்வதையும் இந்த ஃபங்ஷனுக்கு உள்ளேயே வையுங்கள்.

– மெட்டாடேட்டா உரைக்கோப்பு. பெயர், விளக்கம், வெர்ஷன், ஆசிரியர், மின்னஞ்சல், குறைந்தபட்ச க்யூஜிஐஎஸ் பதிப்பு. பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுவதானால் நீண்ட விளக்கம், மூலநிரல் முகவரி, பிழை பதியும் முகவரி மூன்றும் கட்டாயம்.

– முதன்மை கிளாஸ். 'இனிட்ப்ராசஸிங்', 'இனிட்குய்', 'அன்லோட்' மூன்றே மெத்தட். முதலாவது ப்ரொவைடரை (உங்கள் அல்காரிதங்களை டூல்பாக்ஸுக்குத் தரும் பொருள்) உருவாக்கிப் பதிவேட்டில் சேர்க்கும். இரண்டாவது முதலாவதைக் கூப்பிடும். மூன்றாவது ப்ரொவைடரை எடுத்துவிடும். ப்ரொவைடரை செல்ஃபில் பிடித்து வையுங்கள். சாதாரண மாறியில் விட்டால் பின்னால் அன்லோடில் எடுக்க அது கையில் இருக்காது.

– ப்ரொவைடர் கோப்பு, அல்காரிதம் கோப்பு, முன்பு பிரித்த கணக்குக் கோப்பு.

அல்காரிதம் கிளாஸில் பலரும் சறுக்கும் இடம் 'க்ரியேட்இன்ஸ்டன்ஸ்'. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிய பொருளைத் தர வேண்டும். செல்ஃபையே திருப்பித் தந்தால் முதல் தடவை ஓடுவது போலத் தெரிந்து பிறகு க்ராஷ் ஆகும்.

இரண்டாம் கேள்வியின் உறைதல் இதிலேயே தீரும், 'ப்ராசஸ்அல்காரிதம்' மெத்தட் பின்னணித் த்ரெட்டில் ஓடுவதால். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 'ஃபீட்பேக்' பொருளிடம் ரத்து செய்யப்பட்டதா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ரத்துப் பொத்தான் வெறும் அலங்காரம்.

---

தெற்குமாசி:

ப்ராசஸிங் சரிதான், மறுக்கல. ஆனா யூசர் மேப்ல ஏரியைக் க்ளிக் பண்ணணும், வெட்டுமதிப்பை ஸ்லைடர்ல நகர்த்தி உடனே பார்க்கணும்னு நாளைக்குக் கேட்பாங்க. அதுக்கு ப்ராசஸிங் ஆகாது, டாக் விட்ஜெட் (ஜன்னல் ஓரத்துல ஒட்டி நிக்கிற பலகை) வேணும். அப்பவும் கணக்கை டாக்குக்குள்ள எழுதாதீங்க. டாக் அளவுருக்களைச் சேர்த்துக்கிட்டு 'எக்ஸெக்அல்காரிதம்டயலாக்' ஃபங்ஷன்ல அல்காரிதம் ஐடியோட கொடுத்தா, ப்ராசஸிங் ஜன்னலே நிரப்பின படிவமா திறக்கும்.

ஐகான் வச்சீங்கன்னா அன்லோடுல மெனுவிலிருந்தும் டூல்பாரிலிருந்தும் ரெண்டு இடத்துலயும் எடுக்கணும். மறந்தா ப்ளகின் ரீலோடரை ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் ஒரு ஐகான் கூடும். டூல்பார்ல ஒரே ஐகான் வரிசையா ஏழெட்டு நின்னா அன்லோட்தான் கோளாறுன்னு புரிஞ்சுக்கலாம்.

இதைவிட மோசம் சிக்னல். ப்ராஜெக்டுல லேயர் சேர்ந்தா உங்க ஃபங்ஷன் ஓடணும்னு கனெக்ட் பண்ணியிருப்பீங்க. அன்லோடுல டிஸ்கனெக்ட் பண்ணலைன்னா, ப்ளகினை அணைச்ச பிறகும் அது பழைய, செத்துப்போன விட்ஜெட்டைத் தேடிப் போகும். 'ராப்டு சி ப்ளஸ் ப்ளஸ் ஆப்ஜெக்ட் டெலீட் ஆகிவிட்டது'ங்கிற ரன்டைம் எரர் பெரும்பாலும் இதுதான். லாம்டாவைக் கனெக்ட் பண்ணினா அதே லாம்டா கையில இல்லாம டிஸ்கனெக்ட் பண்ண முடியாது. அதனால பெயருள்ள மெத்தடையே கனெக்ட் பண்ணுங்க.

---

பிக்சல்பாத்தி:

ப்ளகின் கூடு பற்றி மேலே சொல்லியாயிற்று. கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் கூடு உடைந்தால் பிழைச் செய்தி வரும். கணக்கு உடைந்தால் அழகான அட்டவணை வரும்.

முதல் ஆபத்து, பட்டைகள் குறியில்லாத 16 பிட் முழுஎண்களாக இருப்பது. காய்ந்த நிலத்தில் ஒரு பிக்சலை எடுங்கள்: பி3-இல் 2200, பி8-இல் 3500. கழித்தால் −1300 வர வேண்டும். நம்பை அதே வகையில் கழிப்பதால் 64236 வரும். அதைக் கூட்டுத்தொகை 5700-ஆல் வகுத்தால் 11.27. என்டிடபிள்யூஐ −1-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்க முடியும், ஆனால் நிரல் எதுவும் சொல்லாது. நிலம் முழுக்கத் தண்ணீராகிவிடும். படித்த உடனே ஃப்ளோட்32-க்கு மாற்றுங்கள். விளைவில் 1-ஐத் தாண்டும் மதிப்பு இருந்தால் நிறுத்தும்படி ஒரு சோதனையும் வையுங்கள்.

இரண்டாவது, 2022 ஜனவரி 25-இல் நடைமுறைக்கு வந்த 04.00 செயலாக்கப் பதிப்பு. அதிலிருந்து எல்2ஏ (வளிமண்டலத் திருத்தம் செய்த) படங்களில் எல்லாப் பிக்சலிலும் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. கழித்துவிட்டு 10000-ஆல் வகுத்தால்தான் உண்மையான பிரதிபலிப்பு. தண்ணீர்ப் பிக்சல் ஒன்றில் உண்மை மதிப்பு பி3-இல் 800, பி8-இல் 200 என்று வையுங்கள். என்டிடபிள்யூஐ 600/1000, அதாவது 0.6. ஆயிரத்தைக் கழிக்க மறந்தால் 1800, 1200; விடை 600/3000 = 0.2. குறி மாறாது, ஆகவே வெட்டுமதிப்பு 0 வைத்திருப்பவர் தப்பித்துக்கொள்வார். 0.3 என்று வைத்திருப்பவருக்கு 2021-இல் நிரம்பிய ஏரி 2022-இல் வற்றிவிடும். பதிப்பு எண்ணைப் படத்தின் மெட்டாடேட்டாவிலிருந்து படித்து முடிவெடுங்கள். சில சேவைகள் இந்த ஆயிரத்தை முன்கூட்டியே கழித்துத் தருகின்றன (கூகுள் எர்த் இன்ஜினின் 'ஹார்மனைஸ்டு' தொகுப்பு அப்படிப்பட்டது), அங்கே மறுபடி கழித்தால் தலைகீழாகக் கெடும். அளவுருவில் 'கழிக்க வேண்டிய எண்' என்று ஒரு பெட்டி வைத்துவிடுவது நல்லது.

நினைவகம்: ஒரு 10 மீட்டர் பட்டை 10980 × 10980 பிக்சல், 12 கோடிக்குக் கொஞ்சம் மேல். 16 பிட்டில் 241 எம்பி, ஃப்ளோட்32-இல் 482 எம்பி, ஃப்ளோட்64-இல் 964 எம்பி. உங்கள் 4 ஜிபியில் பெரும்பங்கு இப்படித்தான் போயிருக்கும்: கழித்தல், கூட்டல், வகுத்தல் மூன்றுக்கும் தனித்தனி இடைநிலை வரிசை, வகுத்த விடை ஃப்ளோட்64-இல். டைல் முழுவதும் தேவையே இல்லை. ஒவ்வொரு ஏரியின் சுற்றுச்சட்டத்தை மட்டும் ஜீடாலில் (ராஸ்டர் கோப்பைப் படிக்கும் நூலகம்) ஜன்னலாகப் படியுங்கள். டைல் முழுவதும் வேண்டுமென்றே இருந்தால் 2048 × 2048 துண்டாகப் போங்கள். 36 துண்டு, துண்டுக்கு ஃப்ளோட்32-இல் சுமார் 17 எம்பி.

ஓட்ஸுவுக்காக சைகிட்-இமேஜை இழுத்து வருவது கொசுவுக்குப் பீரங்கி. நம்பையில் 256 பெட்டி ஹிஸ்டோகிராம், இருபுற எடை, இருபுறச் சராசரி, இடைவகுப்பு மாறுபாடு உச்சமாகும் இடம்: இருபது வரிக்குள் அடங்கும், மூன்றாம் கேள்வியும் காலி. ஆனால் ஓட்ஸுவையே நான் இங்கே சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அது எந்தப் படத்தையும் இரண்டாக வெட்டியே தீரும். சித்திரையில் காய்ந்து கிடக்கும் கண்மாயில் தண்ணீரே இல்லை என்றாலும் ஈர மண்ணையும் வறண்ட மண்ணையும் பிரித்து, ஈர மண்ணைத் தண்ணீர் என்று சொல்லும். ஏரி ஏரியாக ஓட்ஸு போடாமல் பெரும்பரப்புக்கு ஒன்று போடுங்கள். வரும் வெட்டுமதிப்பு −0.1-க்கும் 0.2-க்கும் வெளியே போனால் ஏற்காமல் 0-க்குத் திரும்பும்படி எழுதுங்கள். அந்த எல்லைகள் என் பழக்கம். உங்கள் பகுதிப் படங்களில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முறைக்கே உரிய குறைகளை ப்ளகினின் உதவிப் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி என்டிடபிள்யூஐயில் வயல் போலத்தான் தெரியும். மேக நிழல் தண்ணீர் போலத் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும் நாட்களும் மேகம் மூடும் நாட்களும் ஒன்றுதான். எல்2ஏ-உடன் வரும் எஸ்சிஎல் பட்டையில் (ஒவ்வொரு பிக்சலும் என்ன வகை என்று எண்ணால் சொல்வது) 3 மேக நிழல், 8, 9 மேகம், 10 கீற்றுமேகம். இவற்றை 'தண்ணீர் இல்லை' என்று எண்ணாமல் 'தெரியவில்லை' என்று தனிப் பத்தியில் எழுதுங்கள். எஸ்சிஎல் 20 மீட்டர், வரிசை அளவு 5490 × 5490. பி3 மேல் அப்படியே வைத்தால் அளவு பொருந்தாது. நியரஸ்ட் முறையில் (அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுப்பது) மட்டும் பெரிதாக்குங்கள். பைலீனியர் (சுற்றியுள்ளவற்றின் சராசரி எடுப்பது) போட்டால் வகுப்பு 8-க்கும் 4-க்கும் நடுவில் 6 என்ற மதிப்பு முளைக்கும், 6 என்றால் தண்ணீர்!

சின்ன ஏரிக்கு இன்னொன்று. 2 ஹெக்டேர் ஏரி என்பது சுமார் 14 × 14 = 196 பிக்சல்; அதில் 52 ஓரத்துப் பிக்சல். கால்வாசிக்கு மேல் கரையும் தண்ணீரும் கலந்தவை. அந்த அளவு ஏரிக்குப் பரப்பை இரண்டு தசமத்தில் அச்சிடுவது நம்மையே ஏமாற்றுவது.

---

எழுத்தாணி:

4-ஆம் கேள்விக்கு மட்டும். தவறு ப்ளகினில் இல்லை, ஷேப்ஃபைலின் அட்டவணையை வைக்கும் டிபிஎஃப் வடிவத்தில். பத்திப் பெயருக்கு 10 பைட்தான். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் குறியீடு. 'நீர்ப்பரப்பு' 12 குறியீடு, 36 பைட். பத்து பைட்டில் 'நீர' வரைக்கும்தான் இடம். 'நீர்மட்டம்' என்பதும் அதே 'நீர' ஆகிவிடுவதால் இரண்டாவதற்குப் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். மதிப்புகளுக்கும் 254 பைட் உச்சம், அதாவது 84 குறியீடு. நீளமான ஊர்ப்பெயர், வட்டம், மாவட்டம் ஒரே பத்தியில் எழுதினால் முட்டும்.

வெளியீட்டை ஜியோபேக்கேஜ் கோப்பாக வைத்துவிடுங்கள், இந்தக் கட்டுப்பாடு கிடையாது. இருந்தாலும் நிரலில் பத்திப் பெயர் ஆங்கில எழுத்தில் குறுகலாக இருக்கட்டும். தமிழ்ப் பெயரைப் பத்தியின் ஏலியஸாகக் காட்டலாம். கோப்பை பைத்தானில் திறக்கும் இடமெல்லாம் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று எழுத மறக்க வேண்டாம். விண்டோஸில் இயல்பு என்கோடிங் வேறாக இருப்பதால், லினக்ஸில் படித்த தமிழ் சிஎஸ்வி அங்கே படிக்காது.

---

கண்மாய்க்கரை:

எல்லாருக்கும் நன்றி. ப்ராசஸிங்குக்கு மாற்றியாயிற்று, சைகிட்-இமேஜும் போய்விட்டது. ஃப்ளோட்32 மாற்றத்துக்குப் பின் எண்களே வேறு. புதிதாக இரண்டு சிக்கல்:

அ) ஐந்தில் இரண்டு ஓட்டம் எந்தச் செய்தியும் இல்லாமல் க்யூஜிஐஎஸ்ஸே மூடிக்கொள்கிறது. கணக்கு முடிந்ததும் ப்ராசஸ்அல்காரிதத்துக்குள்ளேயே லேயரை ப்ராஜெக்டில் சேர்த்து, மெசேஜ் பாரில் 'முடிந்தது' என்று காட்டுகிறேன்.

ஆ) விண்டோஸில் அதே வெளியீட்டுப் பெயரில் மறுபடி ஓட்டினால் கோப்பு பயன்பாட்டில் உள்ளது என்கிறது.

இன்னொன்று: கோயம்புத்தூர்ப் பக்க ஏரிகளுக்குப் பரப்பு 0.0000 என்று வருகிறது, மதுரைக்குச் சரியாக வருகிறது.

---

வரைபடத்தச்சன்:

அ-வுக்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். ப்ராஜெக்டும் மெசேஜ் பாரும் முதன்மைத் த்ரெட்டின் சொத்து. பின்னணித் த்ரெட்டிலிருந்து தொட்டால் சில சமயம் பிழைக்கும், சில சமயம் சாகும். ஐந்தில் இரண்டு என்பது அதனால்தான். இரண்டு வரியையும் நீக்குங்கள். வெளியீட்டை ஃபீச்சர் சிங்க் (விளைவை எழுதும் இடம்) அளவுருவாக அறிவித்து, அந்த சிங்கில் எழுதி, முடிவில் அதன் ஐடியை அகராதியாகத் திருப்பித் தந்தால் போதும். லேயரை ஏற்றுவது ப்ராசஸிங்கின் வேலை. செய்தி சொல்ல வேண்டுமானால் ஃபீட்பேக்கின் 'புஷ்இன்ஃபோ'. ப்ராஜெக்டைத் தொட்டே ஆக வேண்டிய வேலை இருந்தால், முன்னால் ஓடும் 'ப்ரிப்பேர்அல்காரிதம்', பின்னால் ஓடும் 'போஸ்ட்ப்ராசஸ்அல்காரிதம்' இரண்டும் முதன்மைத் த்ரெட்டில் ஓடுபவை, அங்கே வையுங்கள். த்ரெட்டே வேண்டாம் என்று சொல்லும் ஃப்ளாக் ஒன்றும் உண்டு. அதைப் போட்டால் க்ராஷ் நிற்கும், பழைய உறைதல் திரும்பும்.

உள்ளே வேறு ப்ராசஸிங் கருவியைக் கூப்பிடுகிறீர்களா? அப்படியானால் கான்டெக்ஸ்ட், ஃபீட்பேக் இரண்டையும் கடத்தி, 'இஸ் சைல்ட் அல்காரிதம்' என்பதை ட்ரூ ஆக்குங்கள். கான்டெக்ஸ்ட் கடத்தாமல் விட்டால் இடைநிலை லேயரின் உரிமை யாரிடம் என்று குழம்பி, அதுவும் க்ராஷில்தான் முடியும்.

ஆ: ஜீடால் டேட்டாசெட்டை மூட தனியாக எதுவும் எழுதவில்லை என்று ஊகிக்கிறேன். வேலை முடிந்ததும் அந்த மாறிக்கு நன் (பைத்தானின் வெற்று மதிப்பு) கொடுங்கள். அப்போதுதான் மிச்சத் தரவு வட்டில் எழுதப்பட்டுக் கோப்பு விடுபடும். பேண்ட் பொருளை வேறு மாறியில் வைத்திருந்தால் அதையும் விடுங்கள். முந்தைய ஓட்டத்தின் விளைவு லேயர் பட்டியலில் இன்னும் நின்றால், அதுவே கோப்பைப் பிடித்திருக்கும். அதற்கு நிரலில் வைத்தியம் இல்லை, லேயரை நீக்கிவிட்டு ஓட்ட வேண்டும் அல்லது தற்காலிக வெளியீடு கொடுக்க வேண்டும்.

கோவைச் சிக்கல்: மதுரைப் பாலிகன் 32644-இல் (மீட்டரில் அளக்கும் ஆயமுறையின் எண்) இருக்கும், கோவைப் பாலிகன் 4326-இல் (டிகிரியில் அளப்பது) இருக்கும். பரப்பு சதுர டிகிரியில் வருகிறது. கோவை, திருநெல்வேலி 78 டிகிரிக்கு மேற்கே என்பதால் யுடிஎம் மண்டலம் 43, அதாவது 32643. மதுரையும் சென்னையும் யுடிஎம் 44. நிரலில் 32644 என்று எழுதி வைக்காமல், ராஸ்டரின் சிஆர்எஸ்ஸை (ஆயமுறையை) எடுத்து, பாலிகனை அதற்கு மாற்றுங்கள். மாற்றிய பின் பரப்பைப் பாலிகனிலிருந்து எடுக்காமல் பிக்சல் எண்ணிக்கையிலிருந்து எடுப்பதுதான் உங்கள் வேலைக்குப் பொருத்தம்: பிக்சல் 100 சதுர மீட்டர், நூறு பிக்சல் ஒரு ஹெக்டேர். ராஸ்டரே டிகிரியில் இருந்தால் ஓட விடாமல் 'செக்பாராமீட்டர்வேல்யூஸ்' மெத்தடில் காரணத்தோடு திருப்பி அனுப்பிவிடுங்கள்.

---

சோதனைச்சாலை:

விடுபட்ட ஒன்று: மெட்டாடேட்டாவில் 'ஹேஸ்ப்ராசஸிங்ப்ரொவைடர்' என்ற வரிக்கு யெஸ் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டாலும் ஜன்னலில் எல்லாம் சரியாக ஓடும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. கட்டளை வரியின் க்யூஜிஐஎஸ் ப்ராசஸ் கருவி மட்டும் உங்கள் ப்ளகினைக் கண்டுகொள்ளாது. அந்தக் கருவி இனிட்குய்யைக் கூப்பிடாது, இனிட்ப்ராசஸிங்கை மட்டும் கூப்பிடும். ஐஃபேஸ் நன்னாக இருக்கும். கன்ஸ்ட்ரக்டரில் ஐஃபேஸிடம் மெயின் விண்டோ கேட்டிருந்தால் அங்கேயே விழும். முதலில் 'ப்ளகின்ஸ் எனேபிள்' கொடுத்து ப்ளகினை இயக்குங்கள், பிறகு 'ரன்'. திரை இல்லாத லினக்ஸ் சர்வரில் க்யூஜிஐஎஸ் ஜன்னல்களை வரையும் நூலகமான க்யூட்டியின் ப்ளாட்ஃபார்ம் சூழல்மாறிக்கு 'ஆஃப்ஸ்கிரீன்' கொடுக்க வேண்டும்.

சார்பு மாட்யூல்: சைகிட்-இமேஜ் போனது நல்லது. வேறு ஏதேனும் வேண்டியிருந்தால், விண்டோஸில் க்யூஜிஐஎஸ் தன் பைத்தானைத் தானே வைத்திருக்கிறது. சாதாரண கமாண்ட் ப்ராம்ப்டில் பிப் (பைத்தான் மாட்யூல்களை நிறுவும் கருவி) ஓட்டினால் வேறொரு பைத்தானுக்குள் போய் உட்காரும். க்யூஜிஐஎஸ்ஸோடு வரும் ஓஎஸ்ஜியோ4டபிள்யூ ஷெல்லில் ஓட்ட வேண்டும். அங்கேயும் பிப் தானாக நம்பையைப் புதிய பெரும்பதிப்புக்கு ஏற்றிவிட்டால், பழைய நம்பைக்காகக் கட்டப்பட்ட ஜீடால் வரிசை மாட்யூல் இறங்க மறுக்கும். உங்கள் ப்ளகின் மட்டுமல்லாமல் அந்தக் கணினியின் மற்ற ராஸ்டர் ப்ளகின்களும் படுத்துவிடும். நம்பையின் இருக்கும் பதிப்பைக் கட்டுப்பாடாகக் கொடுத்து நிறுவச் சொல்லுங்கள். ப்ளகின் தானே பிப்பைக் கூப்பிட்டு நிறுவும் குறுக்குவழி வேண்டாம். தொகுத்த பைனரிகளை ஸிப்பில் சேர்த்தால் களஞ்சியம் ஏற்காது.

க்யூஜிஐஎஸ் 4 க்யூட்டி 6-இல் ஓடுகிறது. மறுபடி எழுத வேண்டாம், இப்போதே நாலு பழக்கம் போதும். பைக்யூட்டி5 என்று நேரடியாக இம்போர்ட் செய்யாமல் க்யூஜிஐஎஸ் மாட்யூலுக்குள் இருக்கும் பைக்யூட்டி வழியாக எடுங்கள். ஈனம் (பெயரிட்ட மாறிலிகளின் தொகுதி) பெயர்களை முழு நீளத்தில் எழுதுங்கள், 'க்யூட்டி.அலைன்லெஃப்ட்' செல்லாது, நடுவில் 'அலைன்மெண்ட்ஃப்ளாக்' வர வேண்டும், இந்த நீள வடிவம் 3-இலும் ஓடும். 'எக்ஸெக்' கடைசியில் அடிக்கோடு கூடாது. ஐகானுக்காக ரிசோர்ஸ் கோப்பைத் தொகுக்காமல் எஸ்விஜியின் பாதையையே கொடுங்கள், ஏனென்றால் பைக்யூட்டி 6-இல் அந்தத் தொகுப்புக் கருவியே இல்லை. மெட்டாடேட்டாவில் அதிகபட்சப் பதிப்பு 4.99 என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் குறைந்தபட்சம் 3 என்பதை வைத்து 3.99-க்கு மேல் பொருந்தாது என்று க்யூஜிஐஎஸ்ஸே முடிவுகட்டிவிடும்.

ஸிப்: உள்ளே ஒரே ஒரு மேல்நிலை ஃபோல்டர், ப்ளகின் பெயரில். பைகேஷ், டாட் கிட், மேக் கணினி தானாகச் சேர்க்கும் மேக்ஓஎஸ்எக்ஸ் ஃபோல்டர் எது இருந்தாலும் திரும்பி வரும். வலது க்ளிக் செய்து ஸிப் போடாமல், கிட் ஆர்கைவ் கட்டளையில் ப்ரிஃபிக்ஸாக ஃபோல்டர் பெயரைக் கொடுத்தால் சுத்தமாக வரும். லைசென்ஸ் கோப்பும் உள்ளே இருக்க வேண்டும், ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையதோடு ஒத்துப்போவதாக. ஆறு பேருக்கு மட்டும் என்றால் களஞ்சியமே தேவையில்லை. ப்ளகின் மேனேஜரில் 'இன்ஸ்டால் ஃப்ரம் ஸிப்' இருக்கிறது.

விளைவுகளையோ அமைப்புகளையோ ப்ளகின் ஃபோல்டருக்குள் எழுதாதீர்கள். அடுத்த பதிப்பை நிறுவும்போது ஃபோல்டர் மொத்தமாக மாற்றப்படும்.

---

கண்மாய்க்கரை:

அ, ஆ இரண்டும் தீர்ந்தன, கோவையும் சரி. ஒரே ஒரு சந்தேகம்: ப்ரொவைடர் ஐடியை அவசரத்தில் 'டெஸ்ட்1' என்று வைத்துவிட்டேன். ஆட்கள் பயன்படுத்தத் தொடங்கிய பின் மாற்றலாமா?

---

தெற்குமாசி:

இன்னிக்கே மாத்துங்க. நாளைக்கு ஒருத்தர் மாடல் டிசைனர்ல உங்க அல்காரிதத்தைக் கோத்துச் சேமிச்சிட்டா, அந்த மாடல் கோப்புக்குள்ள ப்ரொவைடர் ஐடியும் அல்காரிதம் பெயரும் அப்படியே உட்கார்ந்துக்கும். அப்புறம் மாத்தினா மாடல் திறக்கும்போது அல்காரிதம் இல்லைன்னு சொல்லும். அளவுருப் பெயர்களுக்கும் இதே கதை. மூணையும் ஆங்கிலச் சின்ன எழுத்துல, மொழிபெயர்ப்பு ஃபங்ஷனுக்குள்ள போடாம எழுதுங்க. யூசர் பார்க்கிற டிஸ்ப்ளே பெயர் தனி. அதை எப்ப வேணும்னாலும் 'ஏரி நீர்ப்பரப்பு'ன்னு தமிழ்லயே மாத்திக்கலாம்.